ரோமானிய வயல்களில் துரு நோய்: கண்டறிந்ததும் கைக்கு எட்டாததும்

பண்டைய ரோமானியர்களின் பயிர்களை எந்த நோய்கள் தாக்கின, அவற்றின் காரணம் அவர்களுக்குத் தெரிந்திருந்ததா, ரோமப் பேரரசு சரிந்ததில் பயிர் நோய்க்குப் பங்கு உண்டா? மூன்று கேள்விகள் இவை. முதல் இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதால் சேர்த்தே சொல்கிறேன். மூன்றாவதைக் கடைசியில் பார்க்கலாம்.

ரோமானிய உழவனை மற்ற எல்லாவற்றையும்விட அச்சுறுத்தியது தானியப் பயிரில் வரும் துரு நோய். கோதுமையின் தண்டிலும் இலையிலும் செம்பழுப்பு நிறத்தில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். தடவிப் பார்த்தால் இரும்புத் துருவைப் போலவே விரலில் பொடி ஒட்டும். கதிருக்குப் போக வேண்டிய சத்தைப் பூஞ்சை உறிஞ்சிவிடுவதால் மணி சுருங்கிச் சாவியாகிப் போகும், தண்டு நொந்து பயிர் சாயும். "தானியப் பயிருக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை" என்ற பொருளில் பிளினி எழுதியிருக்கிறார். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோன அதே பிளினிதான். அவருடைய 'இயற்கை வரலாறு' என்ற பெருந்தொகுப்பின் 18ஆம் நூல் முழுக்க உழவைப் பற்றியது. ரோமானியப் பயிர் நோய்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அங்கிருந்து வருவதுதான்.

துருவில் தண்டுத் துரு, இலைத் துரு, மஞ்சள் துரு என்று மூன்று இருப்பதை இன்று பிரித்தறிகிறோம். மூன்றையும் உண்டாக்குபவை பக்சினியா என்ற பூஞ்சைப் பேரினத்தைச் சேர்ந்த வெவ்வேறு இனங்கள். ரோமானியர்களுக்கு மூன்றும் ஒன்றுதான். நோய் அவர்கள் காலத்தில் புதிதாகத் தோன்றியதும் இல்லை. இஸ்ரேலில் அகழ்ந்தெடுத்த, ஏறத்தாழ 3300 ஆண்டுப் பழமையான கோதுமை உமியில் தண்டுத் துருப் பூஞ்சை இருந்ததை 1982இல் தாவரத் தொல்லியலாளர் கிஸ்லெவ் வெளியிட்டார். ரோம் நகரம் உருவாகுமுன்பே மத்தியதரைக் கடலோர வயல்களில் துரு குடியேறிவிட்டது.

காரணத்துக்கு வருவோம். பூஞ்சை என்ற உயிர்தான் நோயை உண்டாக்குகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருக்கவும் வழியில்லை, பூஞ்சையைப் பரப்பும் நுண்விதைகளான வித்துகள் கண்ணுக்குத் தெரியாதவை. ஆனால் நோய் எங்கே வரும், எந்த நேரத்தில் வரும் என்ற இரண்டையும் வியக்கும்படி துல்லியமாகப் பிடித்துவிட்டார்கள். இந்தப் பதிலில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ரோமானியர்கள் வெறும் மூடநம்பிக்கையில் மூழ்கிக் கிடந்தார்கள் என்று பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவர்கள் எழுதியதைப் படித்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

முதலில் இடம். பனி அதிகம் விழும் நிலங்களிலும், காற்றோட்டமில்லாத பள்ளத்தாக்குகளிலும் துரு அடிக்கடி வரும், மேட்டு நிலத்திலும் காற்று வீசும் இடத்திலும் வராது என்கிறார் பிளினி. அவருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸும் இதையே சொல்லிவிட்டார். அரிஸ்டாட்டிலின் மாணவரான அவர் பயிருக்குப் பயிர், ரகத்துக்கு ரகம் நோய் தாக்கும் அளவு மாறுவதையும் கவனித்தார். கோதுமையைவிட வாற்கோதுமைக்குத் துரு எளிதில் வரும், வாற்கோதுமையிலும் 'அகிலியஸ்' என்று அழைக்கப்பட்ட ரகத்துக்கு மிக அதிகம் வரும் என்று எழுதினார். ரகங்களுக்கிடையே நோய் எதிர்ப்பில் வேறுபாடு உண்டு என்று எழுதிவைத்த மிகப் பழைய குறிப்புகளில் இது ஒன்று.

இடத்தைப் பற்றிய அவர்களது கணிப்பு ஏன் சரி? துருப் பூஞ்சையின் வித்து காற்றில் பறந்துவந்து இலையில் விழுந்தால் மட்டும் போதாது. முளைக்க இலை மேல் நீர் வேண்டும், அதுவும் பல மணி நேரம் காயாமல் நிற்க வேண்டும். பள்ளத்தில் குளிர்ந்த காற்று தங்கும், பனி கனமாக இறங்கும், விடிந்து நெடுநேரம் ஆகியும் ஈரம் உலராது. மேட்டில் காற்று பட்டதும் இலை உலர்ந்துவிடும், வித்து முளைக்குமுன் வாடிவிடும். தாழ்நிலத்தில் நோய் கூடுதல் என்று இன்றைக்கு ஒரு வேளாண் அலுவலர் சொன்னாலும் அதற்கான காரணம் இதுவேதான்.

இடத்தைவிட எனக்கு அதிகம் பிடித்தது நேரத்தைப் பற்றிய பிளினியின் வாதம். அந்தக் காலத்தில் பெரும்பாலோர் நம்பியது: இலை மேல் நிற்கும் பனித்துளியைக் கொளுத்தும் வெயில் சுடுவதால் துரு வருகிறது. பிளினி இதை மறுக்கிறார். வெயிலுக்கு இதில் பங்கில்லை, இரவுக் குளிர்தான் காரணம் என்கிறார். அதற்கு அவர் காட்டும் சான்றைப் பாருங்கள்: கூர்ந்து கவனிப்பவர்களுக்கு, கேடு இரவிலேயே, வெயில் ஏறுமுன்பே நடந்துவிடுவது புலப்படும் என்கிறார். வித்து முளைப்பதும் இலைத்துளை வழியே உள்ளே நுழைவதற்கான வேலையைத் தொடங்குவதும் இரவுப் பனியில்தான் என்று இன்று ஆய்வகத்தில் காட்ட முடிகிறது. குளிரே காரணம் என்ற அவரது முடிவு தவறு. ஆனால் குற்றம் நடந்த நேரத்தை அவர் சரியாகச் சொன்னார்.

நிலவும் இந்தக் கணக்கில் வந்துவிட்டது. முழுநிலவு நாட்களில் துரு அதிகம் என்று தியோஃபிராஸ்டஸ் எழுதினார், பிளினியும் நிலவின் நிலையைக் காரணங்களில் சேர்த்துக்கொண்டார். இதைப் பிதற்றல் என்று தள்ளிவிட வேண்டாம். முழுநிலவு பளிச்சென்று தெரிவது மேகமில்லாத இரவில். மேகமில்லாத, காற்றடங்கிய இரவில்தான் நிலம் வேகமாகக் குளிர்ந்து கடும்பனி இறங்கும். நிலவையும் பனியையும் மறுநாள்களில் தோன்றும் நோயையும் ஒருசேரக் கண்டவர் நிலவைக் காரணமாகக் கொண்டது இயல்பு. இது என் கணிப்புதான், அவர்கள் இப்படி விளக்கி எழுதவில்லை. ஆனாலும் அவர்களுடைய தவறுகள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை: பார்த்தது மெய், கோத்த முறை பிழை.

இனி வழிபாடு. துருவுக்கு ரோபிகஸ் என்று ஒரு தெய்வம் இருந்தது. சிலர் அதைப் பெண்ணாகக் கருதி ரோபிகோ என்றார்கள். வார்ரோ என்ற அறிஞர் கி.மு. 37இல், எண்பது வயதை நெருங்கும்போது எழுதிய உழவு நூலின் தொடக்கத்தில் உழவர்களுக்குரிய பன்னிரண்டு தெய்வங்களை அழைக்கிறார். ஜூபிடரும் நிலமகளும் சூரியனும் சந்திரனும் இருக்கும் அந்த வரிசையில் ரோபிகஸுக்கும் இடம் உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 25 அன்று ரோபிகாலியா என்ற விழா நடக்கும். அதை ஏற்படுத்தியவர் ரோமின் இரண்டாம் அரசரான நூமா என்பது மரபு.

ஓவிட் என்ற கவிஞர் ஒரு முறை நொமென்டம் ஊரிலிருந்து ரோமுக்குத் திரும்பும் வழியில் இந்த விழாக் கூட்டத்தைக் கண்டதாக எழுதியிருக்கிறார். வெள்ளையுடுத்திய மக்கள் வழியை அடைத்து நின்றார்கள். குவிரினஸ் தெய்வத்தின் பூசாரி, நாய் ஒன்றின் குடலையும் ஆட்டின் குடலையும் தீயிலிடப் போய்க்கொண்டிருந்தார். கூடவே மதுவும் நறும்புகையும். அவர் வாயில் ஓவிட் வைத்திருக்கும் வேண்டுதல் உருக்கமானது. கதிரைத் தொடாதே, இளம்பயிரை விட்டுவிடு, தின்றுதான் ஆக வேண்டுமென்றால் இரும்பைத் தின், வாளையும் ஈட்டியையும் அரித்துவிடு, உலகம் அமைதியாக இருக்கிறது, அவற்றால் இப்போது வேலையில்லை, களைக்கொட்டும் கலப்பைக் கொழுவும் மட்டும் பளபளக்கட்டும் என்று பூசாரி கேட்கிறார். உள்நாட்டுப் போர்களில் இத்தாலியின் வயல்கள் நாசமானதைப் பார்த்த தலைமுறைக்கு அடுத்த தலைமுறையின் குரல் அது.

நாயை ஏன் பலியிட்டார்கள்? நாய் விண்மீன் எனப்படும் சிரியஸ் பயிரைத் தீய்க்கிறது என்ற நம்பிக்கைதான் காரணம். ஓவிட் அது அப்போது உதிப்பதாகச் சொல்கிறார், அதில் வானியல் பிழை இருக்கிறது. அந்தப் பருவத்தில் மாலையில் அது மறையும். பிளினி மறைவு என்றே சரியாகக் குறிக்கிறார்.

இந்த விழாவோடு உறவுடைய இன்னொரு சடங்கைப் பற்றிப் பிளினி போகிற போக்கில் ஒரு குறிப்பு தருகிறார். பயிர் நோயியல் படிப்பவர்கள் அதை விடாமல் வாசிக்க வேண்டும். நாயைப் பலியிட்டுக் குறி பார்க்கும் சடங்கு அது. பூசாரிகளின் ஏட்டில் அதற்கான நாள் இப்படி விதிக்கப்பட்டிருந்தது: கதிர் உறைக்குள் வந்த பிறகு, உறையைவிட்டு வெளியே வருமுன். அதாவது நம் உழவர்கள் தொண்டைக்கதிர்ப் பருவம் என்று சொல்வது. தேதி குறிக்கப்படவில்லை, பயிரின் வளர்ச்சியைப் பார்த்து நாள் முடிவு செய்தார்கள்.

இதன் அருமை புரிய வேண்டுமானால் கோதுமையின் கடைசி இலையை, கண்ணாடி இலை என்பார்களே, அதை நினைக்க வேண்டும். மணிக்குப் போகும் சத்தில் பெரும்பங்கு அந்த இலையிலிருந்தும் கதிரை ஒட்டிய மேற்பகுதியிலிருந்தும்தான் வருகிறது. அந்த இலை விரிந்து கதிர் தொண்டையில் இருக்கும் காலம் தொட்டுப் பால் பிடிக்கும் காலம் வரை நோய் ஏறிவிட்டால் விளைச்சல் போச்சு. பால் முற்றிய பிறகு வந்தால் இழப்பு குறைவு. இன்று பூஞ்சைக்கொல்லி தெளிக்கப் பரிந்துரைக்கும் காலமும் கண்ணாடி இலை விரிவதிலிருந்து கதிர் வெளிவருவது வரைதான். மத்திய இத்தாலியில் இலையுதிர் காலத்தில் விதைத்த கோதுமை அந்தப் பருவத்தை எட்டுவது ஏப்ரல் கடைசி, மே மாதங்களில். மருந்து இல்லாத ஒரு சமூகம், தன் அச்சத்தையும் வேண்டுதலையும் சரியாக அந்தச் சில வாரங்களில் கொண்டுபோய் வைத்திருக்கிறது.

ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். ஜூலியஸ் சீசர் கி.மு. 46இல் நாட்காட்டியைத் திருத்துமுன் ரோமானியத் தேதிகள் பருவத்தோடு ஒட்டாமல் அலைந்தன. லிவி என்ற வரலாற்றாசிரியர் கி.மு. 190இல் ஜூலை 11 அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டதாக எழுதுகிறார். வானியல் கணக்குப்படி அந்தக் கிரகணம் நிகழ்ந்தது மார்ச் 14. கிட்டத்தட்ட நான்கு மாதப் பிசகு. அந்த ஆண்டில் ஏப்ரல் 25 என்று சொல்லிக்கொண்டு விழா எடுத்திருந்தால் அது டிசம்பர் கடைசியில், பயிர் முழங்கால் உயரம்கூட வராத குளிர்காலத்தில் விழுந்திருக்கும். தேதியை மட்டும் நம்பிய விழா தடுமாறிய காலங்களிலும், பயிரைப் பார்த்து நாள் குறித்த சடங்கு தவறியிருக்க வாய்ப்பில்லை. இரண்டில் பின்னதுதான் பழையதாக இருக்கும் என்பது என் எண்ணம்.

வயலில் உண்மையில் என்ன செய்தார்கள் என்றால், பலவும் செய்தார்கள், பயன் தந்தவை குறைவு. வயலில் லாரல் மரக் கிளைகளை நட்டுவைத்தால் துரு பயிரைவிட்டு அந்த இலைகளுக்குப் போய்விடும் என்கிறார் பிளினி. அப்படி நடக்க வழியே இல்லை. துருப் பூஞ்சை தனக்குரிய செடியைத் தவிர வேறெதிலும் வாழாது. தினை வகைப் பயிருக்குக் குருவியும் புழுவும் கேடு செய்யாமலிருக்கத் தேரையை இரவில் வயலைச் சுற்றி எடுத்துப்போய், மண்பானையில் வைத்து நடுவில் புதைக்கும் வழக்கத்தையும் அவர் பதிவு செய்திருக்கிறார். புகைமூட்டம் போடுவது இவற்றிலிருந்து வேறுபட்டது. கொடித்தோட்டத்தில் வரிசைகளுக்கிடையே வைக்கோல் பதர்க் குவியல்களைத் தயாராக வைத்திருந்து, பருவம் தப்பிக் குளிர் இறங்குவது தெரிந்ததும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொளுத்த வேண்டும் என்று ரோமானிய உழவு எழுத்தாளர் கொலுமெல்லாவின் பெயரில் உள்ள மரங்கள் பற்றிய நூல் சொல்கிறது. அவருக்குப் பல நூற்றாண்டுகள் பின்னால் வந்த பல்லாடியஸும் மூடுபனிக்கும் துருவுக்கும் இதையே சொன்னார். உறைபனிக்கு இது ஓரளவு உதவும். நிலத்தருகே காற்று கலங்கிப் பனி படிவதும் சற்றுக் குறையலாம். பரந்த கோதுமை வயலில் துருவைத் தடுக்கும் அளவுக்குப் போதாது.

விதை நேர்த்தியை நான் தனியாக மதிக்கிறேன். பயறு விதைகளைக் கார உப்பிலும் ஆலிவ் எண்ணெய்க் கசண்டிலும் ஊறவைத்து விதைப்பதைத் தான் பார்த்ததாக வெர்ஜில் என்ற ரோமானியக் கவிஞர் பாடுகிறார். விதைக்குமுன் மதுவில் நனைத்தால் நோய் குறையும் என்பது தன் கருத்து என்கிறார் பிளினி. துருவுக்கு இது எதுவும் செய்யாது, அந்த வித்து காற்றில் வருவது. ஆனால் கரிப்பூட்டை போன்ற சில நோய்களின் வித்துகள் விதையின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டு வருபவை. 1755இல் பிரான்சில் தில்லே என்பவர், கோதுமையின் நாற்றக் கரிப்பூட்டை விதையில் ஒட்டிய கருந்தூளால் பரவுவதையும், விதையைக் கார நீரில் நேர்த்தி செய்தால் குறைவதையும் வயல் சோதனையில் காட்டினார். ரோமானியர்கள் தற்செயலாகவேனும் அந்தத் திசையில் கை நீட்டியிருக்கிறார்கள்.

ஆலிவ் கசண்டு என்றேன். எண்ணெய் பிழிந்தபின் அடியில் தேங்கும் கறுத்த கசப்பு நீர் அது, அமுர்கா என்பார்கள். கி.மு. 160 வாக்கில் உழவு நூல் எழுதிய மூத்த கேட்டோ அதைப் பூசாத இடமில்லை. களத்து மண்ணைக் கெட்டிப்படுத்த, களஞ்சியச் சுவரில் பதரோடு குழைத்துப் பூச, ஆட்டுச் சிரங்குக்குத் தடவ, எல்லாவற்றுக்கும் அதுதான். கசண்டோடு கந்தகமும் நிலக்கீலும் சேர்த்துத் தேன் பதத்துக்குக் காய்ச்சிக் கொடியின் அடித்தண்டில் பூசச் சொல்கிறார். இதை எடுத்துக்கொண்டு ரோமானியர்கள் கந்தகத்தைப் பூஞ்சைக்கொல்லியாகப் பயன்படுத்தினார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்டோ அதைச் சொன்னது இலையைச் சுருட்டும் கம்பளிப்புழுவுக்கு. நோய்க்கு அல்ல.

திராட்சையைப் பற்றியும் ஒரு குழப்பம் உலவுகிறது. இன்று கொடியை வாட்டும் சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய், வேர்ப்பேன் மூன்றும் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தவை. ரோமானியக் கொடிகளுக்கு அந்தத் துன்பம் கிடையாது. எர்காட் எனப்படும் கதிர்ப்பூஞ்சை நஞ்சும் அங்கே பெரிதாக இருந்திருக்காது. அது முதன்மையாக ரை (rye) என்ற தானியத்தைத் தாக்குவது; பிளினி காலத்தில் ரை ஆல்ப்ஸ் அடிவாரத்தில் பசி தணிக்க மட்டும் விதைத்த பயிர். நஞ்சு என்று அவர்கள் அஞ்சியது கோதுமையோடு கோதுமையாக வளரும் லோலியம் என்ற களைப்புல்லின் விதையை. ரொட்டியில் அது கலந்தால் தலை சுற்றும். கிரேக்கத்திலும் ஆசியாவிலும் பொதுக் குளியல் கூடம் நடத்துபவர்கள் கூட்டத்தைக் கலைக்க அந்த விதையைத் தணலில் போடுவார்கள் என்கிறார் பிளினி. அவர் அதைப் பயிரின் நோயாகக் கொள்ளாமல் நிலத்தின் கேடாகவே எண்ணினார்.

அவர்கள் கைக்கு எட்டாமல் போன உண்மை ஒன்று உண்டு. தண்டுத் துரு தன் வாழ்வின் ஒரு பகுதியைப் பார்பெரி என்ற முட்செடியில் கழிக்கிறது. அங்கேதான் அது பாலினப் பெருக்கம் செய்து புதுப்புது வகைகளை உண்டாக்குகிறது. 1767இல் இத்தாலியிலேயே ஃபொன்தானா, தர்ஜோனி தொத்ஸெத்தி இருவரும் உருப்பெருக்கியில் துருப் பூஞ்சையைப் பார்த்து வரைந்தார்கள். பார்பெரி உறவை அறிவியல் முறைப்படி நிறுவியவர் ஜெர்மனியின் தே பாரி, 1865இல். ஆனால் பார்பெரி இல்லாமலும் துரு நீடிக்கும் என்பதற்குச் சான்று நம் அருகிலேயே இருக்கிறது. கோதுமைத் துருவை ஆராய்ந்த கே.சி. மேத்தா, இந்தியாவில் தண்டுத் துருவுக்குப் பார்பெரி தேவைப்படவில்லை என்று காட்டினார். நீலகிரியிலும் பழனி மலையிலும் ஆண்டு முழுவதும் ஏதோவொரு கோதுமைப் பயிர் நின்றதால் பூஞ்சை அங்கே தங்கி, காற்றேறிச் சமவெளிக்குப் போனது. மிதமான குளிர்காலமுள்ள மத்தியதரைக் கடலோரத்திலும் உதிர்ந்து தானாக முளைத்த கோதுமையில் துரு இப்படித் தாக்குப்பிடிக்க முடியும். ஆகவே பார்பெரி உறவை ரோமானியர்கள் அறிந்து அதை வெட்டியெறிந்திருந்தாலும் விடுதலை முழுமையாகக் கிடைத்திருக்காது.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஈரமான ஆண்டுகளில் துரு பெருகிப் பஞ்சம் வந்து ரோமப் பேரரசு விழுந்தது என்று பயிர் நோயியல் பாடநூல்கள் சிலவற்றிலும் ஒரு வரி உண்டு. அதை நான் ஏற்கவில்லை. பேரரசுக் கால ரோம் நகரம் உண்டது எகிப்து, வட ஆப்பிரிக்கா, சிசிலி ஆகிய இடங்களிலிருந்து கப்பலில் வந்த தானியம். மழையும் பனியும் வேறுவேறான இந்த நிலங்கள் எல்லாவற்றிலும் ஒரே ஆண்டில் துரு விளைச்சலைக் கொள்ளைகொண்டால்தான் நகரம் பட்டினி கிடக்கும். நகரில் தானியத் தட்டுப்பாடு வந்தபோது எழுத்தாளர்கள் சொன்ன காரணங்களும் பெரும்பாலும் போர், கடற்கொள்ளை, கப்பல் வராமை ஆகியவை.

துரு உண்மையில் கொன்றது சிறு உழவனை. ரோபிகஸின் தோப்பு நகரிலிருந்து ஐந்தாவது மைல் கல்லில் இருந்ததாகப் பழைய விழாப்பட்டியல் ஒன்று குறிக்கிறது. ஆரம்பகால ரோமின் நிலம் ஏறத்தாழ அவ்வளவு தூரம்தான் பரவியிருந்தது. தன் எல்லைக்குள் விளைந்ததை மட்டுமே உண்ட அந்தச் சிற்றூருக்கு ஒரு மோசமான மே மாதம் போதும், அடுத்த குளிர்காலத்தில் பட்டினிதான். ரோபிகாலியா பிறந்தது அந்த உலகத்தில். நமக்குக் கிடைத்த நூல்களை எழுதிய கேட்டோவும் வார்ரோவும் கொலுமெல்லாவும் அடிமைகளை வைத்துப் பண்ணை நடத்திய நிலக்கிழார்கள். ஒரு வயல் போனால் இன்னொன்று இருந்தது. ஒரே வயல் உள்ளவன் துருவால் என்ன பட்டான் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. அந்த நோய் இன்றும் அதே நிலத்தில்தான் இருக்கிறது. 2016இல் சிசிலியில் தண்டுத் துருவின் புதிய வகை ஒன்று கிளம்பி ஆயிரக்கணக்கான ஹெக்டேர் கோதுமையைத் தாக்கியது. அப்போதும் அது கண்ணில் பட்டது ஏப்ரல், மே மாதங்களில்தான்.